கண்டி வாடகை வீட்டில் ஈரமும் பூஞ்சணமும்: சுவருக்குள் இருப்பது எந்தத் தண்ணீர்?

பெப்ரவரியில் வீடு பார்ப்பவர்கள்தான் கண்டியில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த ஊரில் மழை குறைவு. புதிதாக வெள்ளையடித்த சுவர், குளிர்ந்த காற்று, யன்னலைத் திறந்தால் ஹந்தான மலை. முற்பணத்தைக் கொடுத்துச் சாமான்களை இறக்கிவிடுவோம். நவம்பர் வரும்போது கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்திருக்கும். அலுமாரிக்குள் வைத்த தோல் செருப்பில் பச்சைத் தூள் படிந்திருக்கும். பிள்ளைக்கு இரவு முழுவதும் இருமல்.

வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்களுக்கு இது புதிய அனுபவம். அங்கேயும் மாரி உண்டு. ஆனால் மழை விட்டதும் மணல் நிலம் தண்ணீரைக் குடித்துவிடும், வெயில் சுவரைக் காயவைத்துவிடும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் கிடக்கும் ஊர். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவத் தூறல், ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை, டிசம்பரில் வடகீழ்ப் பருவ மழை என்று ஆண்டின் பெரும்பகுதி ஏதாவது ஒரு மழை இருந்துகொண்டே இருக்கும். சுவர் முழுதாகக் காய்வதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இங்கே வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பல வகை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த பிள்ளைகள், கண்டி, பேராதனை வைத்தியசாலைகளில் தொடர் சிகிச்சைக்காகத் தங்கியிருப்பவர்கள், கடைகளில் வேலை செய்பவர்கள். 1977 இலும் 1983 இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கே போரையும் அனுபவித்து, மறுபடி உறவினரைத் தேடி இந்தப் பக்கம் வந்த குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் இவர்களுக்குக் கிடைப்பது வீட்டின் நல்ல பகுதி அல்ல. சரிவில் கட்டிய வீட்டின் கீழ்த்தளம், பின்பக்க அனெக்ஸ், மண் மேட்டை ஒட்டிய அறை. ஈரம் முதலில் வந்து சேரும் இடமும் அதுதான்.

பூஞ்சணத்தைக் கண்டதும் எல்லோரும் செய்வது பெயின்ட் வாங்குவது. அது வீண் செலவு. சுவரிலிருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதைப் பூசினாலும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் இன்னொன்றும் தெரியவரும்: திருத்த வேண்டியது வீட்டுக்காரரா, நாமா என்பது.

மூன்று தண்ணீர்

வீட்டுக்குள் வரும் ஈரத்தை மூன்றாகப் பிரிக்கலாம். மண்ணிலிருந்து வருவது, கூரையிலும் குழாயிலும் இருந்து வருவது, நாமே உண்டாக்குவது. ஒரே வீட்டில் மூன்றும் சேர்ந்திருப்பதும் உண்டு.

மண்ணிலிருந்து வரும் ஈரம் சுவரின் அடியில் தொடங்கும். தரையிலிருந்து முழங்கால் உயரம், சில வீடுகளில் இடுப்பு உயரம் வரை ஏறி, அங்கே ஒரு பழுப்புக் கோடு போட்டு நிற்கும். கோட்டுக்குக் கீழே பூச்சு உப்பிப் பொரிந்து, வெள்ளைத் தூள் பூத்திருக்கும். இந்த வெள்ளைத் தூளைப் பலர் பூஞ்சணம் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் சுரண்டி ஒரு துளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்துபோனால் அது உப்பு. கரையாமல் பிசுபிசுத்தால் பூஞ்சணம். உப்பு உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் மண்ணின் தண்ணீர் சுவர் வழியாக ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கூரைத் தண்ணீர் மேலிருந்து வரும். மழை பெய்த சில மணி நேரத்தில் சீலிங்கில் வட்டமாகக் கறை விழும், மழை விட்டால் மங்கும். மழைக்கும் கறைக்கும் தொடர்பே இல்லாமல், வெயில் காலத்திலும் ஓர் இடம் மட்டும் ஈரமாக இருந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் மூடிவிட்டு, தாங்கி நிரம்பி நிற்கிறதா என்றும் உறுதிசெய்துகொண்டு மீற்றரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கேயோ கசிகிறது.

மூன்றாவது, காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது. இது அறை மூலைகளிலும், அலுமாரிக்கும் கட்டிலுக்கும் பின்னாலும், யன்னல் கண்ணாடியிலும் வரும். சுவரில் கோடு இருக்காது, உப்பு இருக்காது. கறுப்புப் புள்ளிகள் பரவலாக, மை தெளித்தது போல் இருக்கும்.

எது என்று தீர்மானிக்க முடியவில்லையா? ஓர் அடி நீள அகலமுள்ள பொலித்தீன் துண்டொன்றை, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். சுவர் நனைந்திருந்தால் டேப் ஒட்டாது, முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு பார்க்கும்போது பொலித்தீனின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில்தான் பிரச்சினை. இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரரோடு பேசும்போது உதவும்.

மேட்டை வெட்டிக் கட்டிய வீடு

அம்பிட்டிய, பஹிரவகந்த, ஹந்தான, அஸ்கிரிய, கட்டுகஸ்தோட்டையின் மேட்டுப் பக்கம் என்று எங்கே போனாலும் சரிவை வெட்டி எடுத்த தளத்தில்தான் வீடு நிற்கிறது. அதனால் பின்பக்கச் சுவருக்கு எதிரே ஒரு மண் மேடு இருக்கும். நல்ல கட்டடக்காரர் வீட்டுக்கும் மேட்டுக்கும் இடையே வெளி விட்டு, நடுவில் ஒரு கான் போட்டு, மேட்டைத் தாங்கும் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் வைத்திருப்பார். செலவைக் குறைத்தவர் வீட்டுச் சுவரையே மண்ணுக்கு அணையாக்கியிருப்பார். அந்த அறையில் உள்ளே என்ன பூசினாலும் நிற்காது. உட்பக்கம் தண்ணீர் தடுக்கும் பூச்சுப் போட்டால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும், அல்லது பக்கத்துச் சுவருக்குப் போகும்.

வெளியே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கானில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் அள்ளுங்கள். அரை மணி நேர வேலை, பல வீடுகளில் பாதிப் பிரச்சினை இதோடு தீரும். தாங்கு சுவர் ஓட்டைகளில் புல் முளைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பின்பக்கம் மண் கழுவி வந்து குவிந்து, வீட்டுத் தரை மட்டத்தைவிட உயர்ந்து நின்றால் அதை வெட்டி எடுக்க வேண்டும். கூரைப் பீலி இல்லாமலோ உடைந்தோ இருந்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரடியில் விழுந்து தெறிக்கும், பீலி வேண்டும். மேல் வீட்டுக்காரரின் குளியலறைத் தண்ணீரோ மலசலகூடக் குழியின் கசிவோ உங்கள் சுவருக்கு வந்தால் அது சுகாதாரப் பிரச்சினை. நகர எல்லைக்குள் கண்டி மாநகர சபையின் சுகாதாரப் பிரிவிடமும், வெளியே அந்தந்தப் பிரதேச சபை அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டியில் பின்சுவர் ஈரம் எப்போதும் பூஞ்சணப் பிரச்சினை மட்டும் அல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மண்சரிவால் அதிகம் உயிர்களை இழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. முன்பு காய்ந்திருந்த சுவர் திடீரென்று நனைவது, சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, நேற்று வரை நன்றாகச் சாத்திய கதவு இன்று இறுகுவது, மேட்டில் இல்லாத ஊற்று கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, மரமோ மின்கம்பமோ சாய்வது ஆகியவை மண் நகர்வதன் அடையாளங்கள். அப்போது சுவரைத் துடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, வெளியேற வேண்டும். வீடு வாடகை வீடு, முற்பணம் போய்விடும் என்ற கணக்கெல்லாம் பிறகு பார்க்கலாம்.

மண்சரிவு எச்சரிக்கைகளை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் கவனம் தேவை என்பது அவர்களின் முதல் அளவுகோல். இதை வீட்டிலேயே பார்க்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான தகரப் பேணி ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். அதில் ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 75 மில்லிமீற்றர் பெய்திருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

நாமே உண்டாக்கும் ஈரம்

இதைப் பலர் நம்புவதில்லை. சமையல் எரிவாயு எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடியும்போது ஏறக்குறைய 20 லீற்றர் தண்ணீரை வீட்டுக்குள் விட்டிருக்கிறோம். சோறு வடிக்கும் ஆவி, குளிக்க வைக்கும் சுடுதண்ணீர், நாலு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சு எல்லாம் இதற்கு மேலே. மழைக்காலத்தில் உடுப்பை அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சுவருக்குத்தான்.

ஒரே அறையில் சமைத்து, படுத்து, உடுப்பும் காயப்போடும் குடும்பத்திடம் இதையெல்லாம் தவிர்க்கச் சொல்வது சொல்பவருக்குச் சுலபம். முடிந்ததைச் செய்வோம். சமைக்கும்போது அடுப்புப் பக்க யன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்துங்கள். பானைக்கு மூடி போடுங்கள். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையே, மழை இல்லாத நேரம், எதிரெதிர் யன்னல்களை அரை மணி நேரமாவது திறந்து காற்று ஊடுருவ விடுங்கள். அதிகாலையில் திறந்தால் மூடுபனி உள்ளே வருமே தவிர ஈரம் வெளியே போகாது. உடுப்பு காயும் இடத்தில் மின்விசிறியைப் போட்டு, யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் அகலமாவது தள்ளி வைப்பது காசு செலவில்லாத வைத்தியம். மெத்தையைத் தரையில் நேரடியாகப் போட்டுப் படுப்பவர்கள் பலகையோ ஓட்டைகள் உள்ள மரத் தட்டோ கீழே வைத்து, பகலில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள்.

பூச்சி உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது, அது பூச்சிக்கு மட்டும். சாம்பிராணி போட்டால் மணம் மாறும், ஈரம் மாறாது. முட்டு உள்ளவருக்கு அந்தப் புகையே கேடு.

துடைப்பது எப்படி

காய்ந்த தும்புத்தடியால் சுவரைத் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பூஞ்சண வித்துகள் அறை முழுவதும் பறந்து மற்றச் சுவர்களுக்கும் போகும். முட்டு உள்ளவர்களையும் குழந்தைகளையும் வெளியே அனுப்புங்கள். முகக்கவசமும் கையுறையும் போடுங்கள், யன்னலைத் திறவுங்கள். சலவைத் தூள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, ஒரே திசையில் துடைத்து எடுங்கள். தேய்த்துப் பரப்ப வேண்டாம். பிறகு சுத்தமான தண்ணீரால் ஒருமுறை துடைத்து, காற்றாடி போட்டு முழுதாகக் காயவிடுங்கள். துடைத்த துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். ஒரு சதுர மீற்றர் வரையிலான இடத்தை இப்படி நாமே துடைக்கலாம். சுவர் முழுவதும் பிடித்திருந்தால் அது துடைத்துத் தீரும் விடயம் அல்ல.

ப்ளீச் பாவிப்பவர்கள் கவனிக்க: டைல், கண்ணாடி போன்ற வழவழப்பான இடத்தில் அது வேலை செய்யும். பூச்சுச் சுவரில் நிறம் வெளுக்கும், உள்ளே இருப்பது இருக்கும். ப்ளீச்சோடு மலசலகூடம் கழுவும் அசிட், வினாகிரி, அமோனியா எதையும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

கூரையோ சீலிங்கோ அஸ்பெஸ்டஸ் என்றால் அதைச் சுரண்டவும் கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் நார் நுரையீரலுக்குப் பூஞ்சணத்தைவிடப் பெரிய கேடு. ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள்.

சுவர் காய்ந்த பிறகு பூச வேண்டுமென்றால் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு நல்லது. பூஞ்சணத்துக்குச் சுண்ணாம்பின் காரம் பிடிக்காது. அதோடு சுவர் மூச்சுவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு

கறுப்புப் பூஞ்சணம், பச்சைப் பூஞ்சணம் என்று நிறம் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டியதுதான். ஈர வீட்டில் வாழ்வதற்கும் முட்டு, இருமல், மூச்சுத் தொற்றுகளுக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பாதுகாப்பான அளவு இவ்வளவு என்று அது எதையும் வரையறுக்கவில்லை. ஈரத்தையே தடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நிலைப்பாடு. வீட்டில் இருந்தால் இருமல், வெளியூர் போனால் சுகம் என்ற மாதிரி இருந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். எத்தனை நாள், எந்த அறை என்று குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

போரில் காலை இழந்து செயற்கைக்கால் பாவிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஈர அறையில் கழற்றி வைக்கும் செயற்கைக்காலின் உட்பகுதியும் உறையும் இரவுக்குள் காய்வதில்லை. காலையில் அதே ஈரத்தோடு மாட்டினால் தோல் ஊறிப் புண்ணாகும், பூஞ்சைத் தொற்று வரும். உறைகள் குறைந்தது இரண்டாவது மாற்றிமாற்றிப் போட இருக்க வேண்டும். இரவில் உட்பகுதியைத் துடைத்து, வாய் திறந்தபடி, சுவரில் சாய்க்காமல், காற்றுப் படும் உயரத்தில் வையுங்கள். தோல் சிவந்தாலே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பையில் கட்டி வைத்த கடதாசிகள்

ஒவ்வொரு இடம்பெயர்விலும் உடுப்பை விட்டாலும் விடாமல் எடுத்து வந்த ஒரு பொலித்தீன் பை நம் வீடுகளில் இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை, செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த துண்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் புகைப்படம், முறைப்பாடுகளின் பிரதிகள். குண்டிலும் மழையிலும் தப்பிய அந்தப் பை, கண்டி அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்து பூஞ்சணத்தில் போகும். இறுக்கிக் கட்டிய பொலித்தீன் ஈரத்தை வெளியே விடாது என்பதுதான் காரணம்.

மழை இல்லாத ஒரு நாள் நண்பகலில் பையைத் திறந்து எல்லாவற்றையும் நிழலில் விரியுங்கள். வெயிலில் வேண்டாம், மை மங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அது கிடைக்காவிட்டால் வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து வைக்கலாம். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பெட்டி வெளிச்சுவரில் படாமல், உயரமான தட்டில் இருக்கட்டும்.

புகைப்படத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தால் தண்ணீரோ ஈரத் துணியோ படக் கூடாது. பழைய புகைப்படங்களின் மேற்பரப்பு ஜெலட்டின். பூஞ்சணம் தின்பதும் அதைத்தான். நனைந்தால் படம் துணியோடு உரிந்து வரும். முதலில் காயவையுங்கள். பிறகு வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். ஒட்டும் பக்கங்கள் உள்ள அல்பம் வேண்டாம். அசல் படத்தையும் அசல் சான்றிதழையும் லமினேட் செய்ய வேண்டாம், ஈரம் உள்ளே அகப்பட்டால் எடுக்க வழி இல்லை. லமினேட் செய்வது பிரதியாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் போனால் பிரதேச செயலகத்தில் பிரதி வாங்கலாம். உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் கிடைக்கும். அந்தப் புகைப்படத்துக்குப் பிரதி எந்த அலுவலகத்திலும் இல்லை.

வீட்டுக்காரரிடம் பேசுவது

ஈரத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். காரணம் தெரியாததல்ல. வாடகை அறையில் இருக்கும் தமிழருக்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கழுத்தில் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை வந்தாலும் பயம் போகவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்ற கணக்கு இன்றும் மனதில் ஓடுகிறது.

ஆனாலும் முறைப்பாடாகச் சொல்லாமல் வீட்டின் நன்மைக்காகச் சொன்னால் கேட்கும் வீட்டுக்காரர்கள் அதிகம். அழுகும் கூரை மரம் அவருடைய சொத்து. படங்களைக் காட்டுங்கள். சிங்களம் தடுமாறுபவர்களுக்கு மூன்று வசனம் போதும்: "பித்திய தெதய்" என்றால் சுவர் ஈரம், "புஸ் பெந்திலா" என்றால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, "வஹல காந்து வெனவா" என்றால் கூரை ஒழுகுகிறது. சொல்லிவிட்டு, அன்றே படத்தோடு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்புங்கள். எந்தத் திகதியில் அறிவித்தோம் என்பதற்கு அது சான்று. ஜனவரிக்கு முன்பே பேசி வைத்தால் காய்ந்த மாதங்களில் வேலை முடியும். நனைந்த சுவரில் மேசன் செய்யும் வேலை நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் வாடகை உறவுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். வாடகைக்குக் கொடுத்த வீட்டைப் பாவிக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது அதன்படி வீட்டுக்காரரின் கடமை. எனவே கூரை, கட்டடக் குழாய், மண்ணிலிருந்து ஏறும் ஈரம் எல்லாம் அவர் பக்கம். யன்னலைத் திறக்காததால் வரும் வியர்வை நம் பக்கம். அறிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்தும் திருத்தாவிட்டால், அவசியமான திருத்தத்தை நாமே செய்து வாடகையில் கழிக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சட்டத்தரணியைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். வாடகை நிலுவை என்று காட்டி வெளியேற்றக் கேட்பதற்கு அதுவே வழியாகிவிடும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பலமான பாதுகாப்புத் தந்தது. பிற்காலத் திருத்தங்கள் புதிய வீடுகள் பலவற்றை அதிலிருந்து விலக்கிவிட்டன. ஆகவே கையில் இருக்கும் ஒப்பந்தம் முக்கியம்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இரண்டு வருடம் என்று வெறும் கடதாசியில் கையெழுத்திட்டு வாங்கியவர்கள், வழக்கு என்று வந்தால் மாத வாடகைக்காரராகவே கருதப்படலாம். அதேவேளை, காலம் முடிந்த குத்தகையில் வீட்டை விரைவாக மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி தந்திருக்கிறது. அதுவும் மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாகத்தான். தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டி, சாமானை வெளியே வீசி எழுப்பும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

முற்பணத்தில் கழிப்பது, திருத்தச் செலவு போன்ற சின்னத் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபை பொருத்தமான இடம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகளில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, இரண்டு தரப்பும் நேரே பேசுகிறார்கள். தேதியிட்ட படங்களும் குறுஞ்செய்தியும் அங்கேதான் கைகொடுக்கும். வழக்கு வரை போக வேண்டியிருந்து வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தை அணுகலாம்.

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர்கள் சட்டம் வேறு என்று சொன்னால் அது உண்மைதான். றொச்டேல் நகரில் சமூக வீடமைப்புக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் நீண்டகாலம் இருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022 இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தார்கள். அவன் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூக வீடுகளில் அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. இலங்கையில் அப்படி ஒரு கால எல்லை எழுதப்படவில்லை.

அடுத்த வீடு பார்க்கும்போது

முடிந்தால் மழை பெய்யும் பின்னேரம் ஒன்றில் போய்ப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் யன்னலைத் திறக்க விடாமல் முதலில் மூக்கால் பாருங்கள். அலுமாரியும் சமையலறைத் தட்டும் திறந்து மணந்து பாருங்கள். சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் இடுப்பளவுக்குப் புது பெயின்டாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். புறங்கையைச் சுவரில் வையுங்கள், உள்ளங்கையைவிட அது ஈரத்தையும் குளிரையும் நன்றாகச் சொல்லும். பின்பக்கம் போய், மேட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஆள் நடக்க வெளி இருக்கிறதா, கான் ஓடுகிறதா என்று பாருங்கள். பகலில் எத்தனை மணிக்கு எந்த அறைக்கு வெயில் வரும் என்று கேளுங்கள், ஒரு மணி நேர வெயிலாவது விழும் அறையைப் பிள்ளைகளுக்கு வையுங்கள். முற்பணம் கொடுக்கும் நாளில் எல்லாச் சுவரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். போகும்போது அந்தக் கறை முன்பே இருந்தது என்று நீங்கள் சொல்லத் தேவையிருக்காது. முன்பு குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதைப் பக்கத்து வீட்டிலோ சந்திக் கடையிலோ விசாரியுங்கள்.